எண்ணெய் மாற்றும் காலம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன் எழுதியது)

மனிதனுக்கு நோய் வந்தால் வாய்விட்டுச் சொல்வான். மாடு நோயுற்றால் தீனி எடுக்காது. செடி வாடினால் இலை காட்டிக்கொடுக்கும். இயந்திரமோ கடைசி நாள்வரை உழைத்துவிட்டு, ஒரு நாள் நடுச்சாலையில் நின்றுவிடும். அதன் உடல்நிலையை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் பொறுப்பு அதை வைத்திருப்பவனையே சேர்ந்தது. எப்போது கவனிக்க வேண்டும், எதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தானாகக் கியர் மாறும் காரில் அந்தக் கியர்ப் பெட்டியின் எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். ‘கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளா இது? பட்டறையில் பேச வேண்டியதல்லவா?’ என்று நண்பர்கள் சிலர் சிரிக்கலாம். காலமறிந்து செயலாற்றுவதற்கென்றே திருக்குறளில் நாற்பத்தொன்பதாம் அதிகாரம் இருக்கிறது. ‘காலமறிதல்’ என்பது அதன் பெயர். அதற்கு முன்னால் ‘வலியறிதல்’, பின்னால் ‘இடனறிதல்’. வலிமை, காலம், இடம் என்னும் இம்மூன்றையும் அறிந்தவனே தன் கார்யத்தில் வெல்வான் என்பது அரசனுக்கு மட்டுமா பொருந்தும்? ஒரு லிட்டர் எண்ணெய்க்கும் பொருந்தும் என்பதை நான் கண்ட ஒரு நிகழ்ச்சியின் வாயிலாக விளக்க முயல்கிறேன்.

மாமாவின் வண்டி

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. தியாகி சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாட்களைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய ஊர். தொழுநோயைக் காரணம் காட்டி இரயிலில் ஏறவிடாமல் அன்றைய அரசு தடுத்தபோது, கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர். ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குத் தன் விருப்பம்போல் போய்வருவது எத்தனை பெரிய உரிமை என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் தாய்மாமனுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இந்தியாவில் இந்நோயின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் மாதத்தில் நம் நாடு இந்நோயற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. எங்கள் தலைமுறை பாடப்புத்தகத்தில் மட்டும் அறிந்த நோயை மாமா தம் காலில் சுமக்கிறார்.

மாமாவுக்குக் கடைவீதியில் தையல் சாமான் கடை. நூல்கண்டு, பொத்தான், லைனிங் துணி, ஜிப் ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறை சேலம் செல்வார். முன்பெல்லாம் தருமபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேலத்திற்கு இன்னொரு பஸ். திரும்பும்போது இரண்டு மூட்டைகள். பஸ் படிக்கட்டில் ஊன்றுகோலையும் மூட்டையையும் ஒருசேர ஏற்றுவது எப்படி என்பதை நின்று பார்த்தவர்களுக்கே தெரியும்.

சாதாரணக் காரில் இடது காலால் கிளட்ச் மிதிக்க வேண்டும். தானியங்கி கியர் வண்டியிலோ ஆக்சிலேட்டர், பிரேக் என்று இரண்டே மிதிகள். இரண்டையும் வலது காலே பார்த்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு இது சொகுசு. மாமாவுக்கு இது கால். பல ஆண்டுச் சீட்டுப் பணத்தைத் திரட்டி, ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கினார். மீட்டரில் 78,000 கிலோமீட்டர் காட்டியது. சர்வீஸ் புத்தகத்தில் முதல் சில பக்கங்களில் மட்டுமே முத்திரை. கியர் எண்ணெய் மாற்றப்பட்டதா என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

மாமா மூன்று பேரைக் கேட்டார். விற்றவர், “இது லைஃப் டைம் ஆயிலுங்க, ஆயுசுக்கும் மாத்தவே வேணாம்” என்றார். தருமபுரியில் ஒரு மெக்கானிக், “இத்தனை நாள் மாத்தலைன்னா இனிமே தொடாதீங்கண்ணா. புது ஆயில் ஊத்தினா கியர் வழுக்க ஆரம்பிச்சிரும்” என்றார். சேலத்தில் மற்றொருவர், “மெஷின் போட்டு மொத்தத்தையும் ஃப்ளஷ் பண்ணிடணும், உடனே” என்றார்.

ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கிறார். கியர்ப் பெட்டி கெட்டால் பழுது பார்க்க ஒரு இலட்சத்துக்கு மேல் ஆகும் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து! அவ்வளவு பணத்தை மாமாவால் மீண்டும் புரட்ட முடியாது. வண்டி நின்றால் மறுபடியும் பஸ் படிக்கட்டுத்தான்.

“மாப்ள, நம்ம குடும்பத்துல காலேஜுக்குப் போன மொதல் ஆளு நீதான். எண்ணெயப் பத்திதானே நீ படிக்கிற கெமிஸ்ட்ரியும்? நீ பாத்துச் சொல்லு” என்றார் மாமா. தேர்வுத்தாளில் வரும் வினாவுக்கு விடை தவறினால் மதிப்பெண் குறையும். இவ்வினாவுக்கு விடை தவறினால் என்ன குறையும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

எண்ணெய் அங்கே என்ன செய்கிறது?

முதலில் அந்த எண்ணெய் ஏன் இருக்கிறது என்று அறிய வேண்டும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றதும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய். விசிறிகளுக்குப் பதிலாக, மூடிய கூட்டுக்குள் இரண்டு சக்கரங்கள். ஒன்று என்ஜினோடும் மற்றது கியரோடும் சேர்ந்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே எண்ணெயைத் திருப்பிவிட மூன்றாவதாக ஒரு சக்கரம். இதுவே டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக இத்தத்துவத்தைக் கண்டு 1905-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி கியர்ப் பெட்டியான ‘ஹைட்ராமேட்டிக்’ 1939-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வெளிவந்தது.

சாதாரண கியர்ப் பெட்டியில் எண்ணெய்க்கு முக்கியமாக உராய்வைக் குறைக்கும் வேலை. தானியங்கிப் பெட்டியிலோ அதற்கு ஐந்து வேலைகள். சக்தியைக் கடத்த வேண்டும். அழுத்தத்தால் வால்வுகளை இயக்கிக் கியரை மாற்ற வேண்டும். பற்சக்கரங்களைத் தேயாமல் காக்க வேண்டும். வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியேற்ற வேண்டும். ஐந்தாவது வேலைதான் விந்தையானது. உள்ளே எண்ணெயில் நனைந்தபடியே இயங்கும் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றும்போது, போதுமான அளவு பிடிப்பையும் தர வேண்டும். அந்தப் பிடிப்பு உதறலின்றி மென்மையாகவும் இருக்க வேண்டும். பல்லுக்கு வழுக்க வேண்டும், தட்டுக்குப் பிடிக்க வேண்டும்! ஒரே திரவத்திடம் இரண்டு எதிர்க்குணங்களைக் கேட்கிறோம்.

இக்குணத்தைத் தருவன எண்ணெயில் சிறிதளவே கலக்கப்படும் உராய்வு மாற்றிகள் என்னும் சேர்மானங்கள். ஒரு காலத்தில் இதற்காக எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள் என்றால் நம்புவீர்களா? அம்பர் தரும் அதே திமிங்கிலம்தான். 1970-இல் அமெரிக்க அரசு அதனை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தபின் அந்த எண்ணெய் கிடைப்பது நின்றது. வேதியியலார் மாற்றுச் சேர்மானங்களைத் தேடிக் கண்டுபிடித்தனர். கடலில் ஓர் உயிர் பிழைத்ததற்கு ஆய்வுக்கூடத்து உழைப்பும் ஒரு காரணம் என்பது வேதியியல் மாணவர்களாகிய நமக்குப் பெருமையன்றோ!

இச்சேர்மானங்கள் சாகாவரம் பெற்றவை அல்ல. உராய்வு மாற்றிகள் மெல்லச் செலவாகின்றன. ஆக்சிஜனோடு எண்ணெய் சேராதபடி காக்கும் தடுப்பான்கள் தம்மையே பலியிட்டுக் கரைகின்றன. சூட்டிலும் எண்ணெயின் தடிமன் குறையாமல் காக்கும் நீண்ட பாலிமர்ச் சங்கிலிகள் பற்களுக்கிடையே நசுங்கி அறுபடுகின்றன. எண்ணெயின் அளவு குறையாமல் இருக்கலாம். அதன் குணம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்பதில், யாருடைய ஆயுள் என்பதே கேள்வி. எண்ணெய் கெட்டதும் பெட்டியும் கெடுமானால் அந்த எண்ணெய் பெட்டியின் ஆயுள் முழுவதும் இருந்ததாகத்தானே ஆகும்! கியர்ப் பெட்டிகளைச் செய்து பல கார்க் கம்பெனிகளுக்கு வழங்கும் ஜெர்மனியின் இஸட்.எஃப். நிறுவனமே, தன் தானியங்கிப் பெட்டிகளில் ஓட்டத்தையும் பயன்பாட்டையும் பொறுத்து, பிந்தினால் எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது.

மாமாவின் வண்டிக் கையேட்டை வரி வரியாகப் படித்தேன். ஒரு பக்கத்தில், சாதாரணப் பயன்பாட்டில் இவ்வெண்ணெயை மாற்றத் தேவையில்லை என்று இருந்தது. விற்றவர் சொன்னது பொய்யன்று! ஆனால் அடுத்த பக்கத்தில் ‘கடுமையான பயன்பாடு’ என்று வேறோர் அட்டவணை. மலைப்பாதை, பாரம், கடும் வெயில், தூசி, அடிக்கடி நின்று செல்லும் குறுகிய ஓட்டம் இவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின் 60,000 கிலோமீட்டரில் மாற்றுக என்றது. ஒரு பக்கத்தைப் படித்தவருக்கு ஒரு விடை. இரண்டு பக்கத்தையும் படித்தவருக்கு மற்றொரு விடை.

தொப்பூர் கணவாயும் அர்ரீனியசும்

மாமாவின் ஓட்டம் சாதாரணமா, கடுமையானதா? இதற்கு விடை தொப்பூரில் இருக்கிறது.

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வருபவர் தொப்பூர் கணவாயில் மேலேற வேண்டும். எதிர்த்திசையில் இறங்கும் லாரிகளின் விபத்துகளால் அக்கணவாயின் பெயர் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். ஏறுபவர்களின் துன்பம் செய்தியாவதில்லை. பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து ஏற வேண்டும். மாமா வெறும் டிக்கியோடு இறங்கி, நிறைந்த டிக்கியோடு ஏறுபவர்.

டார்க் கன்வெர்ட்டரின் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும்போது எண்ணெய் அதிகம் சூடாவதில்லை. சமவெளியில் ஓரளவு வேகம் வந்தபின் உள்ளேயிருக்கும் ஒரு பூட்டு இரண்டையும் சேர்த்துப் பிணைத்துவிடும். மெதுவாக மேடு ஏறும்போதோ பூட்டு விழாது; ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல, இடையிலுள்ள எண்ணெய் கடையப்படுகிறது. தயிர் கடைந்தால் வெண்ணெய் வரும். எண்ணெயைக் கடைந்தால் வெப்பம் வரும். என்ஜினின் சக்தியில் ஒரு பங்கு இப்படி வெப்பமாகிறது.

வெப்பம் என்ன செய்யும்? ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889-இல் வெளியிட்ட சமன்பாட்டை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். வெப்பநிலை ஏறினால் வினையின் வேகம் படிப்படியாக அல்ல, பெருக்கலாக ஏறும். தோராயமாக, பத்து டிகிரி செல்சியசுக்கு இரண்டு மடங்கு என்று கொள்வது வழக்கம். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் ஒரு வினைதான். 90 டிகிரியில் இருக்க வேண்டிய எண்ணெய் 110 டிகிரிக்குச் சென்றால், கெடும் வேகம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு!

ஓடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் எண்ணெய் 110 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீதி ஒன்பது பங்கில் வேகம் ஒன்று, இந்த ஒரு பங்கில் நான்கு. சராசரி 1.3 ஆகிறது. அப்படியானால் மீட்டர் காட்டும் 78,000 கிலோமீட்டர் எண்ணெயின் கணக்கில் 1,01,400 கிலோமீட்டர். மீட்டர் சக்கரம் சுற்றியதை எண்ணுகிறது. எண்ணெய் பட்ட பாட்டை எண்ணுவதில்லை. ஆண்டுக் கணக்கில் இரண்டு மனிதர்கள் ஒரே வயதினராக இருக்கலாம். கல்லுடைத்தவனுக்கும் நிழலில் உட்கார்ந்தவனுக்கும் உடம்பின் வயது ஒன்றாகுமா?

நம் பக்கத்து டிராக்டர்க்காரர்கள் இவ்வுண்மையை என்றோ அறிந்தவர்கள். டிராக்டரில் எண்ணெய் மாற்றுவதைக் கிலோமீட்டரால் கணக்கிடுவதில்லை, மணிக்கணக்கால் கணக்கிடுகிறார்கள். சேற்றில் ஒரே இடத்தில் உழன்றாலும் அது உழைப்புத்தான் என்பதை அந்த மணிக்காட்டி ஒப்புக்கொள்கிறது.

எண்ணெயைப் படித்தல்

ஏட்டுக் கணக்கு மட்டும் போதாது, சாட்சியும் வேண்டும். மாமாவின் வண்டியில் அளவு பார்க்கும் குச்சி இருந்தது. இப்போது வரும் பல வண்டிகளில் அது இல்லை. பட்டறையில்தான் பார்க்க இயலும். கையேடு சொன்னபடி வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை லீவரை நகர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, என்ஜின் ஓடும்போதே குச்சியை எடுத்தோம். சில வண்டிகளில் என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் கையேட்டைக் கேட்காமல் செய்யலாகாது.

ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டு நிழலில் வைத்தோம். இவ்வகை எண்ணெய்களில் பெரும்பாலானவற்றுக்கு அடையாளத்திற்காகச் சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள். தெளிந்த சிவப்பு நலம். பழுப்பு, முதுமை. கருகிய நெடியோடு கறுத்திருந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த ரோஜா நிறமானால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, ஓட்டவே கூடாது. சொட்டில் உலோகத் துகள் மின்னினால் காலம் கடந்துவிட்டது. ஆனால் நிறம் ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதும் ஆகாது. சில எண்ணெய்கள் நலமாயிருக்கும்போதே கறுக்கும்; சிலவற்றுக்குச் சிவப்பே கிடையாது. நிறத்தோடு நெடியையும், நெடியோடு வண்டியின் நடத்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாமாவின் வண்டியில் வந்தது தேநீர் டிக்காஷன் போன்ற பழுப்பு. கருகிய நெடி இல்லை. வண்டி வழுக்கவில்லை, லீவரைப் போட்டதும் தாமதமின்றிப் பற்றியது, மாறும்போது குலுக்கலும் இல்லை. அதாவது எண்ணெய் கிழமாகிவிட்டது, பெட்டி இன்னும் கிழமாகவில்லை. மாற்றத்தக்க காலம் இதுவே என்று எனக்குப் பட்டது.

பனம்பழமும் காகமும்

‘புது எண்ணெய் ஊற்றினால் கெட்டுவிடும்’ என்ற மெக்கானிக்கின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று நான் தள்ளவில்லை. அனுபவமுள்ளவர் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் அவர் கண்ட ஏதோ ஒன்று இருக்கும். அவர் கண்டது என்ன? பலர் வண்டி வழுக்கத் தொடங்கிய பிறகே எண்ணெய் மாற்ற வருகிறார்கள். அப்போது தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். புது எண்ணெயாலும் அது பிழைப்பதில்லை. நான்கு நாளில் நின்றதும், ‘மாற்றியதால் கெட்டது’ என்று பழி எண்ணெய்மேல் விழுகிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனதால் இறந்தார் என்பதுபோல.

அவர் அச்சத்தில் மற்றோர் உண்மையும் உண்டு. நெடுநாள் மாற்றாத பெட்டியில் கசடு படிந்திருக்கும். புது எண்ணெயின் சுத்திகரிப்பான்களோடு இயந்திர வேகத்தில் கழுவினால், கசடு பெயர்ந்து குறுகிய வால்வுகளில் அடைக்கக் கூடும். ஆகவே சேலத்தார் சொன்ன ‘மொத்தமும் உடனே’ என்பதிலும் ஆபத்துண்டு. தொடாதே என்றவருக்கும், முழுவதும் கழுவு என்றவருக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அது, சிறிது சிறிதாக மாற்றுவது.

அடித்தட்டின் திருகைக் கழற்றினால் முழு எண்ணெயும் வடிவதில்லை. கன்வெர்ட்டரிலும் குளிர்விப்பான் குழாய்களிலும் மீதி தங்கிவிடும். மொத்தம் ஏழு லிட்டரில் மூன்று லிட்டர் வடியும் என்று கொண்டால், முதல் முறை மாற்றியதும் புது எண்ணெய் 43 சதவீதம். மீதியிருப்பது ஏழில் நான்கு பங்கு பழையது. கலந்து ஓடியபின் இரண்டாம் முறை மாற்றினால் 67 சதவீதம். மூன்றாம் முறையில் 81 சதவீதம். ஆய்வுக்கூடத்தில் ஒரே தடவை நிறையக் கரைப்பானை ஊற்றுவதைவிட, சிறிது சிறிதாகப் பல தடவை ஊற்றிப் பிரித்தெடுப்பதே சிறந்தது என்று செய்து பார்த்தோமே, அதன் உறவினன் இக்கணக்கு.

மாமாவிடம் விளக்கினேன். கேட்டு முடித்தபின், “தையல்ல பழைய நூலப் பிரிக்கறாப்புல. ஒரேயடியா இழுத்தா துணி கிழியும்” என்றார். என் கணக்கைவிட அவர் உவமை நன்றாக இருந்தது.

எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே வேலை நடந்தது. கையேட்டில் குறிப்பிட்ட தரத்து எண்ணெய் தருமபுரியில் கிடைத்தது. அடித்தட்டைக் கழற்றியதும் நான் முதலில் பார்க்க விரும்பியது அதன் காந்தத்தை. மையைப்போல் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் படிந்திருந்தது, சில்லுகள் இல்லை. தேய்மானம் இயல்பானது என்பதற்கு அது சான்று. வடிகட்டியை மாற்றி, வடிந்த அளவை அளந்து, அதே அளவு ஊற்றினோம். கூடினாலும் நுரைத்துக் கெடும், குறைந்தாலும் வழுக்கும் என்பதால் அளத்தல் அவசியம். ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் மேலும் இரு முறை. எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்.

இதனை எழுதும்போது அந்த வண்டி மேலும் 14,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இடையில் எடுத்துப் பார்த்த சொட்டு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஆனாலும் இதனை நிரூபணம் என்று சொல்லேன். மாற்றாமலிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைக் காட்ட அதே போன்ற இன்னொரு வண்டி நம்மிடம் இல்லை. ஒரு சோதனை ஒரு சோதனைதான். கிடைத்த சாட்சியங்களைக் கொண்டு, இலட்சத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையே நியாயமான ஒரு முடிவெடுத்தோம் என்று மட்டுமே சொல்லலாம்.

எல்லா வண்டிக்கும் ஒரே விதியா?

இதனைப் படித்துவிட்டு யாரும் தம் வீட்டு வண்டிக்கு இதே கணக்கைப் போட்டுவிடக் கூடாது. ‘ஆட்டோமேட்டிக்’ என்று விற்பன எல்லாம் ஓரினம் அல்ல. 2014-இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில் உள்ளே இருப்பது சாதாரண கியர்ப் பெட்டியே. கிளட்சையும் கியரையும் மனிதக் கைகால்களுக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. பெட்டிக்குச் சாதாரண கியர் எண்ணெய், கருவிக்குத் தனித் திரவம். சி.வி.டி. வகையில் பற்சக்கரங்களுக்குப் பதிலாக உலோகப் பட்டை கப்பிகளில் ஓடுகிறது. அதற்கு வேறு எண்ணெய். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால், பழைய எண்ணெயோடு ஓட்டுவதைவிடக் கேடு விளையும். காலம் அறிவதற்கு முன் இனம் அறிய வேண்டும்.

கார் இல்லாத நம்மில் பலருக்கும் இப்பாடம் உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் என்ஜின் எண்ணெயிலேயே நனைந்து இயங்குகிறது. அதனால்தான் எண்ணெய் டப்பாவில் ‘ஜாஸோ எம்.ஏ.’ என்று அச்சிட்டிருக்கும். கியரில்லாத ஸ்கூட்டருக்கு உரியது ‘எம்.பி.’ வகை, அது அதிகம் வழுக்கும். விலை குறைவென்று அதை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக் கூடும். கல்லூரி வாசலில் நிற்கும் வண்டிகளின் உரிமையாளர்கள் டப்பாவின் பின்பக்கத்தைச் சற்றே படிப்பார்களாக!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ வேலியோரத்திலோ கொட்டுவது நம் பக்கம் வழக்கமாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றையும் ஏரியையும் நம்பி வாழும் வறண்ட மாவட்டம் நம்முடையது. பயன்படுத்திய எண்ணெயை 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள் தனியே குறிப்பிட்டுக் கட்டுப்படுத்துகின்றன. பட்டறைக்காரர் அதனைக் கேனில் சேர்த்து, எடுத்துச் செல்பவர்களிடம் கொடுத்தார். ஒரு பெட்டியைக் காப்பாற்ற ஒரு கிணற்றைக் கெடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

முடிவாக

ஆகவே, எண்ணெயை எப்போது மாற்றுவது? மீட்டரின் எண் மட்டும் சொல்லாது. விற்பவர் வாய்ச்சொல்லும் சொல்லாது. எந்த இனத்துப் பெட்டி, எத்தனை ஆண்டு, எவ்வளவு பாரம், எந்த மேடு, எத்தனை சூடு ஆகியவற்றை எல்லாம் கேட்டு, கையேட்டின் இரண்டு பக்கங்களையும் படித்து, ஒரு சொட்டைத் தாளில் விட்டுப் பார்த்தபின் வருவதே விடை. வண்டி நன்றாக ஓடும்போதே மாற்றுவது மருந்து. வழுக்கிய பின் மாற்றுவது வெறும் சடங்கு. நன்றாக ஓடுகிறதே, எதற்குச் செலவு என்று தோன்றும் நாள்தான் பெரும்பாலும் சரியான நாள்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் மனிதர்கள். நாம் படிப்பது என்னவென்று நம் வீட்டார்க்கு முழுமையாகத் தெரியாது. ஆனால் ஏதோ ஒரு நாள் ஓர் உரத்தின் அளவையோ, மாத்திரைச் சீட்டையோ, கடன் பத்திரத்தையோ, ஒரு வண்டியின் கையேட்டையோ நம் முன் வைத்து, ‘நீ பார்த்துச் சொல்லு’ என்பார்கள். அன்று மனப்பாடம் செய்த விடை உதவாது. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து, இரண்டு பக்கமும் படித்து, காரணத்தோடு சொல்லும் பழக்கமே உதவும். அப்பழக்கத்தைத் தருவதுதான் விஞ்ஞானக் கல்வி. பட்டம் அதற்குப் பின்னால் மெல்ல வந்து சேரட்டும்.